ஒரு நிமிடத்துக்குப் பத்து குரோஸ்



அழைப்பிதழில் என் தலைப்பை 'அசைவூட்டக் கலையின் முன்னோடிப் பெண்கள்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நல்ல தமிழ்தான். ஆனால் பதினோரு வருஷம் அந்த வேலையில் இருந்த நான், அங்கே ஒருவர்கூட அசைவூட்டம் என்று சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்கு அது அனிமேஷன். ஊரில் யாராவது விசாரித்தால் என் அப்பா "பொம்மைப் படம் வரையுற கம்பெனி" என்று சொல்லிவிடுவார். இன்று மாலையும் அந்தப் பேச்சு வழக்கிலேயே போக அனுமதியுங்கள்.

கைப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். பின்வரிசைக்குத் தெரியாது. ஒரு தீப்பெட்டி. உள்ளே குச்சி இல்லை.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டியின் மேல்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்கள், கரப்பான் பூச்சி அரிக்காமல் இருக்க. என் அம்மா லேபிள்களைக் கவிழ்த்துப் பலகைமேல் விசிறிமாதிரி பரப்பி, ஒரே இழுப்பில் எல்லாவற்றுக்கும் பசை தடவுவாள். பிறகு பெட்டியை எடுப்பாள், உருட்டுவாள், வைப்பாள். லேபிளைக் கண்ணால் பார்க்கவே மாட்டாள். லேபிளில் உள்ள மயில் தலைகீழாகப் போய்விட்டால் தீப்பெட்டி ஆபீஸில் கழித்துவிடுவார்கள், கூலி கிடையாது. கணக்கு குரோஸில். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி.

பிற்காலத்தில் சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பில் மேற்பார்வையாளர் போர்டில் ஒரு கணக்கு எழுதினார். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 சட்டம், அதாவது ஃபிரேம். ஒரு நிமிடத்துக்கு 1,440 சட்டம். எல்லாரும் மலைத்துப் போய்ப் பார்த்தார்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1,440 என்றால் பத்து குரோஸ். ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்கு நிறுத்திவைப்பது வழக்கம், அதனால் பாதி குறையும். அப்படியும் நிமிடத்துக்கு ஐந்து குரோஸ் படம் வேண்டும். எங்கள் தெருவில் கிழவிகளுக்கும் தெரிந்த கணக்கு.

அந்த மேற்பார்வையாளர் இன்னொன்றும் சொன்னார். ஆண்கள் அசைவை வரைவார்கள், பெண்கள் கிறுக்கல் கோட்டைத் தெளிவாக்கும் 'கிளீன்-அப்'புக்கும் வண்ணத்துக்கும் போங்கள் என்றார். ஏன் என்று கேட்டோம். "பொண்ணுங்க கை நிதானம்" என்றார். தீப்பெட்டி ஆபீஸ் ஏஜென்ட்டும் என் அம்மாவிடம் அதையேதான் சொல்வார். எனக்கு அப்போது அது பாராட்டாகத்தான் பட்டது.

அது பாராட்டு இல்லை என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. ஒரு திறமையைச் சுபாவம் என்று சொல்லிவிட்டால் அதற்குத் தனியாகக் கூலி தர வேண்டாம், பெயர் போட வேண்டாம். இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்தத் தூத்துக்குடிக் கடற்கரையிலேயே இருக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வியாபாரி பித்தளைச் சல்லடைகளை அடுக்கி முத்தைச் சலித்து, ஆணி முதல் தூள் வரை தரம் பிரிப்பார். அதற்கு நிபுணத்துவம் என்று பெயர். ஏலமெல்லாம் முடிந்து கொட்டகையைப் பிரித்த பிறகு, எஞ்சிய தூள் முத்து கிடைக்காதா என்று பெண்களும் பிள்ளைகளும் அதே கரையில் மணலைச் சலிப்பார்கள். அதற்குப் பொறுமை என்று பெயர். இரண்டு பேர் கையிலும் இருப்பது சல்லடைதான்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம்.

1938 ஜூனில், ஆர்கன்சா மாநிலத்தில் ஓர் இளம் பெண்ணுக்கு வால்ட் டிஸ்னி கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பயிற்சியில் சேர விண்ணப்பித்திருந்தார் அந்தப் பெண். கடிதத் தாளில் ஸ்னோ ஒயிட்டும் குள்ளர்களும் வண்ணத்தில் அச்சாகியிருந்தார்கள். கீழே தட்டச்சில் செய்தி: திரைக்குக் கார்ட்டூன் தயாரிப்பதில் படைப்பு வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை, அது முழுக்க இளைஞர்களின் வேலை. பெண்களுக்கு உள்ள ஒரே இடம், ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் இந்தியா இங்க்கால் உருவங்களின் கோட்டைப் பிரதியெடுத்து, தாளின் பின்பக்கம் சொன்னபடி வண்ணம் நிரப்புவது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் ஒரு பெண்தான். (இந்தியா இங்க் என்பது பெயரில்தான் இந்தியா. சரக்கு சீனத்து மை.)

அந்தக் கடிதத் தாளில் சிரித்த ஸ்னோ ஒயிட்டின் கன்னச் சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் வந்தது 1937 டிசம்பரில். முதலில் கதாநாயகியின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிப்போய் இருந்தது. கோடு போட்டால் கோமாளி ஆகிவிடுவாள், வண்ணத்தைக் கெட்டியாக வைத்தால் திட்டாகத் தெரியும். மை-வண்ணப் பிரிவில் இருந்த பெண்கள் சாயத்தைப் பஞ்சில் தொட்டு, செல்லுலாய்டின் மேல் ஒற்றி எடுத்தார்கள். ஒரு தாளில் அல்ல, அடுத்தடுத்த தாள்களில். முகம் திரும்பும்போது சிவப்பும் கூடவே திரும்ப வேண்டும், துளி தள்ளிப்போனால் கன்னம் துடிக்கும். இதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. ஹெலன் ஆகர் என்பவர் அதில் முக்கியமானவர். படைப்பு வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை என்று எழுதிய கம்பெனி, தன் முதல் முழுநீளப் படத்தின் கதாநாயகி முகத்துக்கு உயிர் வந்த கதையை மறந்துதான் அப்படி எழுதியிருக்க வேண்டும். அல்லது அதை வேலை என்றே நினைக்கவில்லை. எனக்கு இரண்டாவதுதான் உண்மையாகப் படுகிறது.

அதே கம்பெனியில் இருந்த ரெட்டா ஸ்காட் கதை அதற்கு நேர் எதிர். 'பாம்பி' படத்தில் மான்குட்டியின் தோழி ஃபாலீனை வேட்டை நாய்க்கூட்டம் துரத்தும் காட்சி ஒன்று உண்டு. பல்லும் விலா எலும்பும் மட்டுமே உள்ள மாதிரி நாய்கள், பாறைமேல் வழுக்கி வழுக்கி ஏறும். அதை வரைந்தவர் உருவத்தில் சிறிய ஒரு பெண். மான்குட்டியை வரையச் சொல்லிக் கொடுத்திருந்தால் நிதானம், மென்மை என்று எழுதியிருப்பார்கள். நாயை வரைந்ததால் பெயரைப் போட வேண்டியதாயிற்று. 1942-இல் டிஸ்னி படத்தின் பெயர்ப் பட்டியலில் அனிமேட்டராக இடம்பெற்ற முதல் பெண் அவர்.

மை தொட்டு எழுதிய மற்ற பெண்கள் என்ன ஆனார்கள்? 1961 ஜனவரியில் '101 டால்மேஷியன்ஸ்' வந்தது. பென்சில் கோட்டை அப்படியே செல்லுலாய்டில் பிரதியெடுக்கும் ஜெராக்ஸ் முறையை அந்தப் படம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். கோடு பிரதியெடுக்கும் கைகள் ஒரே படத்தில் வேண்டாமல் போயின. உங்களுக்கு 1961 வேறு காரணத்துக்காகத் தெரிந்த வருஷம். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது அந்த வருஷம்தான். இங்கே தொளாயிரம் பார் என்ற முத்துப் படுகையில் சிப்பி இல்லாமல் போனதற்கும் கலிபோர்னியாவில் மைக்கூடு காலியானதற்கும் சம்பந்தம் கிடையாது, ஏற்படுத்தவும் மாட்டேன். ஆனால் இரண்டு இடத்திலும் மூச்சடக்கிச் செய்த வேலை ஒன்று அந்த வருஷத்தோடு முடிந்தது. முத்துக்குளித்தவனுக்கு மேலே கயிறு பிடிக்க மைத்துனன் இருந்தான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள், தன் அக்காள் தாலியை நினைத்தாவது ஒழுங்காக இழுப்பானாம். மைக்காரப் பெண்களுக்கு மேலே யாரும் கயிறு பிடிக்கவில்லை.

ஸ்டூடியோ என்றாலே டிஸ்னியில் தொடங்குவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையதை எடுத்தவர் ஒரு பெண். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர், 1926-இல் வந்த 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்'. ஸ்னோ ஒயிட்டுக்குப் பதினொரு வருஷம் முந்தியது. பாட்ஸ்டாமில் ஒரு வங்கிக்காரர் வீட்டுக் கார் கொட்டகைக்கு மேலே இருந்த அறைதான் ஸ்டூடியோ. கையில் ஒரு கத்தரிக்கோல். கறுப்பு அட்டையில் உருவத்தை வெட்டி, கைகால் மூட்டுகளைத் தனித்தனியாக இணைத்து, கண்ணாடி மேசையில் படுக்கவைத்து, கீழேயிருந்து வெளிச்சம் கொடுத்து, ஒரு அசைவுக்கு ஒரு படமாக எடுத்தார். நாஞ்சில் நாட்டுப் பக்கம் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தை விளக்கவே தேவையில்லை. நம் பாவைக்கு வண்ணம் உண்டு, அவருடையதற்கு இல்லை. முகம் தெரியாது, பக்கவாட்டு நிழல்தான். ஆனால் ஒரு மணிக்கட்டு மடங்குவதில் வெட்கம் தெரியும். டிக்கெட் வாங்காமல் பார்க்கக் கிடைக்கிறது, மாணவர்கள் அவசியம் பாருங்கள்.

ஜப்பானின் ரெய்க்கோ ஒக்குயாமா 1957-இல் தோயெய் தோகா ஸ்டூடியோவில் சேர்ந்தவர். 'தோகா' என்ற ஒலிக்கு ஜப்பானிய எழுத்தில் அனிமேஷன் என்றும் பொருள், குழந்தைப் படம் என்றும் பொருள். சிறுவர் புத்தகத்துக்குப் படம் போடும் வேலை என்று நினைத்து விண்ணப்பம் போட்டுவிட்டார். அங்கே பெண்கள் குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனை. அவர் கல்யாணம் செய்தார், குழந்தை பெற்றார், வேலையை விடவில்லை. தொழிற்சங்கத்தோடு நின்று போராடினார். சண்டைபோட்டுக்கொண்டே படமும் வரைந்தார், பிறகு மற்றவர்கள் வரைவதை மேற்பார்வையும் பார்த்தார். 2019-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓடிய 'நட்சுஸோரா' தொடரின் நாயகிக்கு அவர் வாழ்க்கைதான் மாதிரி. அவர் 2007-லேயே காலமாகிவிட்டார்.

நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் அப்படி எழுத்தில் ஒரு நிபந்தனை கிடையாது. எழுதி வைக்கத் தேவைப்படவில்லை.

அந்த அறையைக் கொஞ்சம் காட்டுகிறேன். நீளமான ஹால், வரிசையாகக் கண்ணாடி மேசைகள், அடியில் டியூப்லைட். தாளின் விளிம்பில் மூன்று துளை, மேசையில் அதற்கேற்ற முளை. அனிமேட்டர் நீலப் பென்சிலில் கிறுக்கிய படம் அடியில் இருக்கும், மேலே வெள்ளைத் தாள் வைத்து நாங்கள் ஒரே கனமான சுத்தமான கோட்டை இழுக்க வேண்டும். ஐந்து தாளை விரல் இடுக்குகளில் பிடித்து மாற்றி மாற்றிப் புரட்டினால் படம் அசையும். அந்தப் புரட்டல் கைக்கு வர ஆறு மாதம். சென்னைப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்வை பட்டுத் தாள் நெளிந்துவிடும் என்பதால் பழைய பருத்திக் கையுறையில் விரல்களை வெட்டிவிட்டுச் சுண்டுவிரல் பக்கம் மட்டும் போட்டுக்கொள்வோம். ஒரு வெளிநாட்டுத் தொடரில் ஒரு சிறுமி காற்றில் தலைமுடி பறக்கத் திரும்பிப் பார்க்கிற காட்சி. அனிமேட்டர் வரைந்தது முதலும் கடைசியும். நடுவில் பதினொரு படம் நான் வரைந்தேன். முடி கன்னத்தைத் தொட்டுவிட்டு விலகுவது அவர் வரைந்ததில் இல்லை. அது என் தங்கை தீப்பெட்டிக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து பார்க்கிற விதம். அந்தத் தொடர் இங்கேயும் ஒளிபரப்பானது. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கடைசியில் ஓடிய பட்டியலில் கம்பெனி பெயர் ஒரு நொடி வந்துபோனது, எங்களில் ஒருவர் பெயரும் இல்லை. "ஒன் பேரு எங்கடி?" என்றாள். லேபிளில் ஒட்டினவள் பேரா இருக்கு என்று திருப்பிக் கேட்டேன். அப்படிக் கேட்டதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம், இங்கே இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும்.

இந்த அரங்கில் உஷா கணேசராஜா என்ற பெயரைக் கேட்டவர்கள் கைதூக்குங்கள் என்று சொல்லப் போவதில்லை, சங்கடமாகிவிடும். 2000-ஆம் ஆண்டில் சென்னை பென்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனம் 'பாண்டவாஸ்: தி ஃபைவ் வாரியர்ஸ்' என்ற முழுநீளக் கணினி அனிமேஷன் படத்தை ஆங்கிலத்தில் எடுத்தது. இயக்கியவர் அவர். சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. இன்று பார்த்தால் அசைவு விறைப்பாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்துக் கணினியில் துணி மடிப்பும் முடியும் வருவதே பெரும்பாடு. ஆனாலும் முப்பரிமாண அனிமேஷனில் முழுநீளப் படம் என்று இந்தியாவில் பேசத் தொடங்கிய நேரத்தில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தது சென்னையில் ஒரு பெண். அதைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை. தமிழ் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு பாட்டுக்கு வந்துபோன நடிகையின் பிறந்த ஊர்வரை தேடுகிறார்கள்.

அடுத்தவரை எல்லாருக்கும் தெரியும், தெரிந்ததுதான் அவருக்குப் பிரச்சினை. சௌந்தர்யா ரஜினிகாந்த். தந்தை படங்களின் தலைப்புக் காட்சிக்கு கிராபிக்ஸ் செய்வதில் தொடங்கியவர். 2014 மே மாதம் 'கோச்சடையான்' வந்தது. நடிகர்களின் உடலில் குறிகள் பொருத்தி, அசைவைக் கேமராக்களால் பதிந்து, கணினி உருவத்துக்கு அந்த அசைவை ஏற்றும் மோஷன் கேப்சர் முறையில், நிஜ மனிதர்களைப் போன்ற தோற்றத்தோடு இந்தியாவில் வந்த முதல் முழுநீளப் படம். 2009-இல் இறந்துபோன நாகேஷ் அதில் மறுபடி நடமாடினார். படம் எனக்குப் பிடித்ததா என்றால், இல்லை. கண்களில் ஈரம் இல்லை. உதடு ஒரு பக்கம் போகிறது, குரல் ஒரு பக்கம் போகிறது. தொழில் தெரிந்தவளாக இந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன். அதே சமயம், அந்த வாரம் நான் கேட்ட கிண்டலில் பாதி படத்தைப் பற்றியதே இல்லை. ஒரு ஆண் புதிய தொழில்நுட்பத்தில் இறங்கித் தடுக்கி விழுந்தால் துணிச்சலான முயற்சி என்று எழுதுவார்கள். இவருக்கு அப்பா காசு என்று எழுதினார்கள். நிதானமான கை என்று சொல்லி ஓரமாக உட்காரவைக்க முடியாத ஒரு பெண்ணை வேறு எப்படித்தான் ஓரம் கட்டுவது?

வடக்கே போனால் 1974-இல் வந்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' என்ற அனிமேஷன் குறும்படம். தூர்தர்ஷனில் பறவைகள் வலையோடு பறந்ததைப் பார்த்த தலைமுறை இங்கே உண்டு. அதை உருவாக்கியவர் விஜயா முலே, சித்திரம் பீம்சைன். பாட்டு மட்டும் நினைவில் நின்றது. நீனா சப்னானி அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்து அங்கேயே கற்பித்தவர், பிறகு மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகப் பணியாற்றியவர். பிரிவினைக் காலக் கராச்சியில் இரண்டு சிறுவர்களின் நட்பைத் துணி ஒட்டுவேலையிலேயே 'முகந்த் அண்ட் ரியாஸ்' படமாக்கினார். சென்னை தூலிகா பதிப்பகம் அதைப் புத்தகமாகவும் கொண்டுவந்தது. அவருடைய 2009-ஆம் ஆண்டுப் படம் 'டாங்கோ போலே சே', தையல் பேசுகிறது என்று பொருள். கட்சுப் பகுதியில் ஊசிவேலை செய்யும் பெண்கள் தாங்கள் இடம்பெயர்ந்து வந்த கதையைத் தங்கள் குரலிலேயே சொல்கிறார்கள், அவர்கள் தைத்த துணியே திரையில் அசைகிறது. அந்தப் படத்தில் கை யாருடையதோ குரலும் அவருடையது. என் தொழிலில் இதைவிடப் பெரிய சாதனை எனக்குத் தெரியாது.

தீப்பெட்டியை எதற்குக் கொண்டுவந்தேன் என்று இப்போது சொல்கிறேன். மும்பையின் கீதாஞ்சலி ராவ் 2006-இல் 'பிரின்டட் ரெயின்போ' என்று பதினைந்து நிமிடப் படம் எடுத்தார். ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர், அதை விட்டு வெளியே வந்து, ஏறக்குறைய முழுக்கத் தன் கையாலேயே, வருஷக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார். கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் மூன்று விருது. கதை இவ்வளவுதான்: அடுக்குமாடி வீட்டில் தனியாக ஒரு கிழவி, கூட ஒரு பூனை. அவள் உலகம் சாம்பல் நிறம். அவளிடம் தீப்பெட்டிச் சேகரிப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பெட்டியை எடுத்து லேபிளைப் பார்ப்பாள், அந்தப் படத்துக்குள் போய்விடுவாள். அங்கே எல்லாம் வண்ணம்.

நான் அதைச் சென்னையில் ஒரு சிறிய அரங்கில் பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கிழவிக்காகக் கண் கலங்கினார்கள். நான் லேபிளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நேராக ஒட்டியிருக்கிறதா என்று. பிறகு 2019-இல் அவர் எடுத்த முழுநீளப் படம் 'பாம்பே ரோஸ்' வெனிஸில் விமர்சகர் வாரத்தின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது. அதற்குச் சுமார் 60 ஓவியர்கள் சட்டம் சட்டமாக வரைந்தார்கள். அதன் முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்து போகாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சென்னையிலும் மற்ற நகரங்களிலும் அனிமேஷன் கம்பெனிகளில் கோடு போட்ட, வண்ணம் வைத்த, கணினியில் மூட்டு இணைத்த தென்மாவட்டப் பெண்கள் நிறையப் பேர் உண்டு. கல்யாணமாகி ஊர் திரும்பி, இன்று ஜெராக்ஸ் கடையும் தையல் கடையும் வைத்திருக்கிறார்கள். உங்கள் அத்தையோ சித்தியோ மதினியோ அப்படி வேலை பார்த்திருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், வருஷம், எந்தப் படம், என்ன வேலை, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி இந்தக் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். அதற்கென்று ஒரு கோப்பு திறக்க நூலகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். என்னோடு அந்த ஹாலில் இருந்த ஆறு பேரின் பெயரை எழுதி இன்று காலையே கொடுத்துவிட்டேன். ஏழாவது தாளுக்காக அவர் காத்திருக்கிறார்.